மெழுகுவர்த்தி ஜாடி

இரவு இரண்டேகாலுக்குக் கொண்டுவந்தான் வழிவிட்டான்,
உள்ளங்கைக்குள் பொத்தி,
விழுந்த குருவிக்குஞ்சைத் தூக்கிவருகிறவன் போல.
நான்தான் சொல்லிவைத்திருந்தேன்:
முதுகுத்தண்டு நீரை ஐஸில் வைக்காதே.
குளிர்ந்தால் உள்ளே இருப்பது செத்துவிடும்,
செத்தது பெயர் சொல்லாது.

குழாயில் ஒட்டிய பிளாஸ்திரியில்
ரித்திகா, 4, பெண்,
த/பெ மொக்கராசு, கருமாத்தூர்.
சீட்டில்: காய்ச்சல் மூன்று நாள். வலிப்பு இரண்டு தடவை.
கழுத்து மடங்கவில்லை.
ஓரத்தில் வேறொரு பேனா:
இடது காதில் சீழ், ஒரு மாதமாக.

தெளிவா கலங்கலா என்று பார்க்க
குழாய்க்குப் பின்னால் அச்செழுத்தைப் பிடிப்போம்.
கையில் கிடைத்தது நேற்றைய பேப்பர்,
மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் நிலவரம்.
குழாய்க்கு வெளியே ‘மல்லிகை கிலோ’ என்று இருந்தது,
குழாய்க்குள் விலை கரைந்துபோயிருந்தது.
அழகர்மலைச் சுனைபோல் இருக்கவேண்டிய நீர்
நீராகாரமாய் நின்றது.

ஊதா ஒரு நிமிடம். அயோடின் ஒரு நிமிடம்.
ஸ்பிரிட்டில் அலசல். அப்புறம் சிவப்பு.
இருபத்தோரு வருடமாக இதே வரிசை.
நகக்கண்ணைப் பார்த்து
பஸ்ஸில் கேட்பார்கள்,
சுங்குடிச் சாயப்பட்டறையாக்கா என்று.
சில நாள் ஆமாம் என்றுவிடுவேன்.

லென்சுக்கு அடியில் ஒரு சொட்டு எண்ணெய்.
அங்கே இருந்தன,
ஜோடி ஜோடியாய்,
தட்டைப்பக்கம் ஒட்டி, கூர்முனை விலகி.
ஒவ்வொரு ஜோடியைச் சுற்றியும் சாயம் ஏறாத வளையம்,
சாமி படத்தில் தலைக்குப் பின்னால் வரைவார்களே, அது.
அதைப் போர்த்திக்கொண்டுதான்
நம் வெள்ளணுக்களின் கைக்குச் சிக்காமல் நழுவுகிறது
நிமோகாக்கஸ்.

வார்டுக்குப் போன் போட்டேன்.
‘ஊசி அப்பவே ஆரம்பிச்சாச்சு மேடம்’ என்றது
தூக்கம் கெட்ட பயிற்சி டாக்டர் குரல்.
நான் பறந்து பார்த்ததெல்லாம் வீணா என்று ஒரு நொடி.
அப்படி நினைத்ததற்கு வெட்கம், அதைவிடக் கொஞ்சம் நீளமாய்.

இத்தனைக்கும் இது ஊரார் மூக்கில் குடியிருப்பதுதான்.
என் மூக்கிலும் இருக்கலாம்,
வாடகை இல்லை, சத்தம் இல்லை.
எந்தச் சளியில், எந்த இரவில்
காதெலும்பைக் கடந்து மேலேறத் தோன்றியதோ
அதற்கும் தெரியாது.

ஆட்டு ரத்தத்தைச் சூடாக்கி
சாக்லேட் நிறத்தில் வார்த்த தட்டில் இழைத்தேன்.
ஜாடிக்குள் தட்டு, தட்டுக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தி.
தொண்டைக்குள் போலக் கொஞ்சம் மூச்சுமுட்டினால்தான்
அது நன்றாக வளரும்.
மூடியை அழுத்தினேன்.
சுடர் குனிந்தது, நீலமானது,
இல்லாமல் போனது.
கரண்ட் போனால் வீட்டில் ஏற்றுவதும்
இதே பாக்கெட்தான்.

வெளியே, பூட்டிய கவுன்ட்டர் பக்கம்
அவள் அம்மா நின்றிருந்தாள், செருப்பில்லாமல்.
‘காதுல எண்ண காச்சி ஊத்துனேன் மேடம்,
அதுலருந்தா?’
இல்லை என்றேன்.
அந்த இரவில், தட்டில் போட்டுப் பார்க்காமல்
நான் சொன்ன ஒரே ரிசல்ட் அது.

பிள்ளை பிழைத்தது.
பதினெட்டாம் நாள் ரத்தம் கொடுக்க வந்தார்கள்,
கையில் ஊசி குத்திய தடங்கள், காலில் புதுக் கொலுசு.
வழிவிட்டான் கைதவறி ஸ்டீல் ட்ரேயைப் போட்டான்.
வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள்.
ஜன்னல் புறா எழுந்து பறந்தது.
ரித்திகா மட்டும்
வேறு யார் பிள்ளைக்காகவோ நான் ஏற்றிய சுடர்
ஜாடிக்குள் குனிவதைப்
பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அம்மா ட்ரேயைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள்.
‘அன்னைக்குக் கேட்டனே மேடம்...’

இல்லை என்றேன் மறுபடியும்,
குரலைத் தாழ்த்தி,
பிள்ளை பக்கத்தில் நிற்கிறதே என்று.